ஏட்டய்யா பதில்கள்

(ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டீக்கடையில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ‘நாலு தட்டு தட்டாமல் எந்தத் திருடன் உண்மையைக் கக்குவான்?’ என்கிறார் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், திண்டிவனம்

உங்கள் நண்பர் கட்சியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2019-ல் ஹைதராபாத்தில் பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரை என்கவுன்ட்டரில் சுட்டுக் கொன்றபோது போலீஸ் மேல் பூவே தூவினார்கள். லாக்கப் சாவு என்றால் மறியலில் உட்காருவதும் பொதுமக்கள்தான். அடி வாங்குகிறவன் திருடனாகத்தான் இருப்பான் என்ற தைரியத்தில் வருகிற பேச்சு இது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியை நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். உயிரோடு திரும்பவில்லை. உடம்பில் 40-க்கும் மேல் காயங்கள்.

சட்டப்படி பார்த்தாலும், போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அவன் சொன்னதை வைத்துப் பொருளை எடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். ‘ரெகவரி (மீட்ட பொருள்) எங்கே, ரெகவரி எங்கே’ என்று மேலதிகாரிகள் ஏன் நச்சரிக்கிறார்கள் என்பது இப்போது புரியும். லத்தி எடுப்பவனை மட்டும் பிடித்தால் போதாது, நச்சரித்தவரையும் கேட்க வேண்டும்.

கேள்வி: போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்கிறார்களே, ஏன் இன்னும் வரவில்லை?
– வாசகி, காரைக்குடி

சட்டத்தில் வந்துவிட்டதம்மா. வந்த விதம்தான் வேடிக்கை. பிரகாஷ் சிங் என்ற ஓய்வுபெற்ற டி.ஜி.பி. போட்ட வழக்கில், 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏழு உத்தரவுகள் போட்டது. வழக்குப் போட்டவர் எங்கள் துறைக்காரர் என்பதைக் கவனியுங்கள். அந்த ஏழில் ஒன்று புகார் ஆணையம். மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். மாநிலத்தில் உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ இருந்து ஓய்வுபெற்ற நீதிபதி.

நம் மாநிலம் 2013-ல் சட்டம் போட்டது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். மாமியார் மேல் உள்ள புகாரை மாமனாரிடம் சொல்கிற கதைதான்.

மேலே கொடுத்த மனு எப்படி இறங்கி வரும் என்று ரைட்டர் மேசையில் இருந்து பார்த்தவன் நான். கலெக்டர் ஆபீஸ் சீல், எஸ்.பி. ஆபீஸ் சீல், டி.எஸ்.பி. கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டு, எந்த ஸ்டேஷன் மேல் புகாரோ அந்த ஸ்டேஷனுக்கே வந்து சேரும். ஓரத்தில் ‘விசாரித்து அறிக்கை அனுப்பவும்’ என்று எழுதியிருக்கும். மனுதாரரை வரச்சொல்லி, உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ‘மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி வாங்கினால் ஃபைல் முடிந்தது. அதனால் தலைவர் நாற்காலியில் நீதிபதி உட்கார்ந்தால் மட்டும் போதாது. நேரில் போய் விசாரிக்க ஆணையத்துக்குச் சொந்தமாக ஆட்கள் வேண்டும். உச்ச நீதிமன்றமும் அதைச் சொல்லியிருக்கிறது. அந்தப் பகுதியைத்தான் யாரும் பேசுவதில்லை.

கேள்வி: ஸ்டேஷனில் சிசிடிவி இருக்கிறதே, அதன் பிறகும் ஏன் அடிக்கிறார்கள்?
– வாசகர், தென்காசி

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோதும் கேமரா இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பார்த்தால், பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருக்கிறார்கள். நடந்ததை அவரிடம் சொன்னது அங்கே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர். கையெழுத்துப் போடவே அவர் அவ்வளவு பயந்தார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கேமராவில் சத்தமும் பதிவாக வேண்டும், 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருடமாவது பதிவு இருக்க வேண்டும் என்றது. உங்களுக்கு ஏதாவது நடந்தால், தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் உடனே எழுதுங்கள். ஆணையத்தில் புகார் கொடுக்க ஒரு வருடம்தான் கெடு.

கேள்வி: பைக் திருட்டுக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். போதுமா?
– வாசகர், ஓசூர்

போதாது. சி.எஸ்.ஆர். என்பது புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீதுதான். இன்சூரன்ஸ்காரர் வழக்குப் பதிவு செய்த எஃப்.ஐ.ஆர். கேட்பார். மாதாந்திர கிரைம் மீட்டிங்கில் எண்ணிக்கை ஏறக்கூடாது என்பதற்காகத்தான் இழுக்கிறார்கள். புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு. அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அது இலவசம்.