கரண்ட் போனால் போரா?

அன்புள்ள ஐயா,
திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு மதுரைக்கு வரும் மின்சாரத்தைக் கணினி வழியே நிறுத்தினால் அது போர்தானே? திருப்பி அடிக்கலாமா? இதில் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வேலை?
– வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 23, மேற்கு உக்ரைன். மின் கட்டுப்பாட்டு அறையில் ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து, மின் ஓட்டத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. மவுஸ் அவர்கள் சொன்னபடி கேட்கவில்லை. அன்று சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. தாக்கியவர்கள் உள்ளே நுழைந்தது, பல மாதங்களுக்கு முன் மின்னஞ்சலில் வந்த கோப்பின் மேக்ரோ (கோப்புக்குள் இருக்கும் சிறு நிரல்) வழியாக. ஊழியர்கள் சப்ஸ்டேஷன்களுக்கே போய்க் கையால் பிரேக்கரைப் போட்டு, சில மணி நேரத்தில் மின்சாரத்தை மீட்டார்கள்.

ஐநா சாசனத்தின் 51ஆவது பிரிவு தற்காப்பை ஏற்கிறது; ஆனால் 'ஆயுதத் தாக்குதல்' நடந்திருக்க வேண்டும். பலப்பிரயோகத்தில் மிகக் கடுமையானதே அந்த வகை என்று 1986இல் நிகராகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. ஆள் சாகாத சில மணி நேர மின்தடையை அதில் சேர்ப்பது கடினம். கலப்புப் போர் (படையோடு கணினித் தாக்குதல் போன்ற மறைமுக வழிகளையும் கலப்பது) நடத்துபவர்கள் வேண்டுமென்றேதான் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறார்கள். அங்கே பலப்பிரயோகம் இல்லாத எதிர்நடவடிக்கைக்கு வழி உண்டு. அதையும் அரசுதான் எடுக்க முடியும். தாக்கியவர்கள் நாம் குற்றம்சாட்டும் நாட்டின் உத்தரவிலோ கட்டுப்பாட்டிலோ இயங்கினார்கள் என்று காட்டவும் வேண்டும். நீங்களாகத் திருப்பி அடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது உங்கள் குற்றம். அடி வாங்குவதும் யாரோ ஓர் அப்பாவியின் சர்வராக இருக்கலாம்.

எதைக் காட்டுவதற்கும் தடயம் வேண்டும். நம் ஊரில் அதுதான் முதலில் அழிகிறது, "ஃபார்மட் போட்டுரு" என்ற ஒரே வார்த்தையில். அதைச் செய்யாதீர்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், கணினியை அணைக்காதீர்கள். அணைத்தால் ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) இருப்பது போய்விடும். கண்ணெதிரே கோப்புகள் பூட்டிக்கொண்டே போனால் மட்டும் பவரை நிறுத்தலாம். முதலில் ரேமின் நகல், பிறகு ஹார்ட் டிஸ்கின் முழு நகல். தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. லாக்குகளை (கணினிகளில் நடந்தவற்றின் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்கவும் அதே விதி சொல்கிறது. நெட்வொர்க்கின் காவல் கருவியான ஃபயர்வாலிலேயே விட்டுவைத்தால் இடம் நிறைந்ததும் பழையது அழியும். தனிக் கணினிக்கு அனுப்புங்கள். கடிகாரத்தையும் பாருங்கள். ஃபயர்வால் உலக நேரத்திலும் சர்வர் இந்திய நேரத்திலும் ஓடினால் ஐந்தரை மணி நேரம் இடிக்கும். எது முதலில் நடந்தது என்று கோத்துப் பார்க்க வருபவர் அங்கேயே நின்றுவிடுவார்.