ஒரே வகுப்பு, மூன்று நிலை: கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில் கணக்கும் தமிழும் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஒரே வகுப்பில் பல நிலைப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்துவது பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: டீச்சர், என் மூன்றாம் வகுப்பில் சிலர் பெருக்கலுக்கே போய்விட்டார்கள், சிலருக்குக் கழித்தலே வரவில்லை. தினமும் மூன்று பாடக்குறிப்பு எழுதணுமா?

பதில்: வேண்டாம், தாங்காது. கணக்கு ஒன்றே போதும். போர்டில் 52 - 27 என்று எழுதுங்கள். பலர் 35 என்று கொண்டுவருவார்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. அது கவனக்குறைவு இல்லை. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று நாம் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் ஈர்க்குச்சி கொடுங்கள்: ரப்பர் பேண்ட் போட்ட பத்துக்கட்டு ஐந்து, உதிரி இரண்டு. 27 எடுக்க வேண்டுமென்றால் ஒரு கட்டைப் பிரித்தே ஆகணும். கடன் வாங்குவது அங்கேயே புரிந்துவிடும். நடுவில் இருப்பவர்கள் கட்டுகளைப் படமாக வரைந்து போடட்டும். முந்தியவர்களுக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுக்காதீர்கள், அது தண்டனை. 'கடன் வாங்கினால்தான் 25 வரும்படி மூன்று கணக்கு நீயே உண்டாக்கு' என்று சொல்லிப் பாருங்கள். கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து அந்த 52 - 27 பற்றியே பேச வேண்டும்.

ஒன்று மட்டும்: குழுவை நிரந்தரமாக்காதீர்கள். கழித்தலில் தடுமாறுகிறவள் கதை சொல்வதில் முதல் ஆளாக இருப்பாள்.

கேள்வி: மெல்லக் கற்பவர்களைத் தனி வரிசையில் உட்கார வைக்கலாமா?

பதில்: அந்தப் பாடம் முடியும்வரை மட்டும்.

கேள்வி: ஒரு பையன் எழுத்துகளை மாற்றி மாற்றி வாசிக்கிறான். டிஸ்லெக்சியாவா (வாசிப்புக் குறைபாடா)?

பதில்: இங்கிருந்து சொல்லக் கூடாது. வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். அதுவரை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்க வைக்காதீர்கள்.

கேள்வி: 2022-இல் வந்த தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தாயிற்றே. நீங்கள் புதிதாக என்ன சொல்கிறீர்கள்?

பதில்: புதிதாக ஒன்றுமில்லை. பிரித்தது நல்லதுதான். ஆனால் பிள்ளையே 'நான் அரும்பு டீச்சர்' என்று சொல்ல ஆரம்பித்தால் எங்கேயோ பிசகியிருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், குழு மாறிக்கொண்டே இருக்கணும்.

கேள்வி: இதற்கு, பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தம் வேகத்தில் படித்த செயல்வழிக் கற்றலே மேல். அதை ஒழித்துவிட்டு இப்போது புலம்பி என்ன பயன்?

பதில்: சரி, இதைப் பேசியே ஆகணும். ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி முறையைப் பார்த்து 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது அது. பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படிப் படத்தில் தன் அட்டை எங்கே என்று பிள்ளையே பார்த்து எடுத்து வரும். அட்டை மாறினால் குழுவும் மாறும், யார் மேலும் முத்திரை விழாது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் பல இடங்களில் ஆசிரியர் அட்டை எடுத்துக் கொடுப்பவராகிவிட்டார், வகுப்பு முழுக்கச் சேர்ந்து பேசுவது நின்றுபோனது.

கேள்வி: அது ஆசிரியர் குறை, முறையின் குறை இல்லை டீச்சர்.

பதில்: இரண்டு வகுப்பை ஒருவரே பார்க்கிற பள்ளியில் அத்தனை பிள்ளைகளின் படியையும் தினமும் குறித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். ஒரு மனிதர் செய்ய முடியாததை எதிர்பார்த்தால் அது முறையின் குறைதான்.

கேள்வி: மெல்லக் கற்பவர்களைப் பிரித்து உட்கார வைத்தால் என்ன தப்பு?

பதில்: மேலே ஏற்கெனவே சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பார்வையிட வரும் அலுவலர், எல்லோரும் ஏன் ஒரே பக்கத்தில் இல்லை என்கிறார்.

பதில்: போன மாத நோட்டையும் இந்த மாத நோட்டையும் சேர்த்து அவர் கையில் கொடுங்கள்.