அம்மாவின் மறதியும் ஓர் இரத்தப் பரிசோதனையும்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 68 வயது. ஓராண்டாக மறதி கூடிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். சொன்னதையே திரும்பச் சொல்கிறார். சைவம், பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறார். இரத்தத்திலுள்ள வளர்சிதைப் பொருள்களை (உடலின் வேதிமாற்றங்களில் உண்டாகும் சிறு பொருள்களை) அளந்து மறதிநோய் வருமா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று படித்தேன். அம்மாவுக்கும், 41 வயதான எனக்கும் அந்தப் பரிசோதனையைச் செய்யலாமா? வல்லாரை மாத்திரை பயன் தருமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச காலமாக நான் படித்துக்கொண்டிருக்கும் விஷயத்தையே கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் உடனே எழுதுகிறேன். வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், மாத்திரை வேண்டாம். உங்களுக்கு இந்த வயதில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் கட்டுக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

நீங்கள் படித்த செய்திக்கு ஒரு வரலாறு உண்டு. நினைவு தெளிவாக இருக்கும் முதியவர்களில் யாருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நினைவுக்குறைவு வரும் என்பதை, இரத்தத்திலுள்ள பத்துக் கொழுப்புப் பொருள்களைக் கொண்டு 90 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கணிக்கலாம் என்று 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் அறிவித்தார்கள். 2016இல் வேறொரு குழுவினர் வேறு முதியோரிடம் அதே பொருள்களை அளந்து பார்த்தபோது அந்தக் கணிப்பு தேறவில்லை. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை. 2018இல் எட்டு மக்கள்தொகை ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, புரதத்தின் கட்டுமானப் பொருள்களான அமினோ அமிலங்களில் சிலவகை இரத்தத்தில் குறைவாக இருந்தவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் மறதி வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நோய் தொடங்கிவிடுகிறது. பசி குறைகிறது, எடை இறங்குகிறது. அமினோ அமிலங்களின் அந்தக் குறைவு நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பதை ஒருமுறை எடுத்த இரத்தத்திலிருந்து சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் தெரியும் தொடர்பை ஒரு தனிமனிதரின் ஜாதகமாக வாசிக்கக் கூடாது.

இந்தப் பொருள்களில் ஒன்று மட்டும் வேறு வகை. அதன் பெயர் ஹோமோசிஸ்டீன். பி12 வைட்டமினோ ஃபோலிக் அமிலமோ போதாதபோது, மெத்தியோனின் என்ற அமினோ அமிலமாக மாற வேண்டிய இந்தப் பொருள் மாறாமல் இரத்தத்தில் தேங்குகிறது. சுதா சேஷாத்ரியும் சகாக்களும் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 1,092 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, இது லிட்டருக்கு 14 மைக்ரோமோலைத் தாண்டியவர்களுக்கு மறதிநோய்களில் மிகப் பரவலான அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு. 2010இல் ஆக்ஸ்போர்டில், லேசான நினைவுக்குறைவு உள்ளவர்களுக்கு இரண்டாண்டுகள் பி வைட்டமின்கள் கொடுத்தபோது மூளை சுருங்கும் வேகம் சராசரியாக 30 சதவீதம் குறைந்தது; ஹோமோசிஸ்டீன் மிகுந்திருந்தவர்களுக்கே பலன் அதிகம். எல்லோரும் வைட்டமின் விழுங்கினால் மறதிநோய் வராது என்று இதற்குப் பொருள் இல்லை. பற்றாக்குறை இருந்தால் அதைக் கண்டுபிடித்துத் தீர்க்க வேண்டும் என்பதே பொருள்.

என் பெரியம்மாவும் சைவம்தான், மெட்பார்மின்தான். பேத்தியின் பெயரை மாற்றிச் சொல்லத் தொடங்கியபோது வீட்டில் எல்லோரும் “வயசாயிடுச்சு” என்றார்கள். இருட்டில் நடக்கத் தடுமாறியதை மூட்டுவலி என்றார்கள். ஒரு மருத்துவர்தான் நாக்கை நீட்டச் சொன்னார்; அது சிவந்து வழவழவென்றிருந்தது. பிறகு இசைக்கவையைத் தட்டிக் கணுக்காலில் வைத்து, “அதிர்வது தெரிகிறதா, அம்மா?” என்று கேட்டார். “சில்லுன்னு இருக்கு, வேற ஒண்ணும் தெரியலை” என்றார் பெரியம்மா. பி12 அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போடத் தொடங்கிச் சில மாதங்களில் பெயர்கள் திரும்பி வந்தன. கால் மரத்துப்போனது மட்டும் முழுவதுமாகச் சரியாகவில்லை. எல்லோருக்கும் இப்படி மீளும் என்று நான் சொல்லவில்லை. அல்சைமரால் போன நினைவை எந்த ஊசியும் திருப்பித் தராது. ஆனால், மீளக்கூடிய ஒருவரை வயதின் கணக்கில் எழுதிவிட்டு நாம் சும்மா இருந்தோமென்றால் அது கொடுமை.

உங்கள் மேல் எனக்குக் கோபமும் அங்கேதான் வருகிறது. அம்மா சைவம், பல ஆண்டுகளாக மெட்பார்மின் என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு, நாளைய நோயைச் சொல்லும் பரிசோதனையைத் தேடுகிறீர்கள். அந்த மாத்திரை பி12 உடலில் சேர்வதைக் குறைக்கிறது. நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு அவ்வப்போது அந்த அளவைப் பார்க்க வேண்டும் என்பது சர்க்கரை மருத்துவர்களின் வழிகாட்டு நெறிகளிலேயே உள்ளது. ஓராண்டாகப் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தும் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனதாக நீங்கள் எழுதவில்லை. பி12, தைராய்டு, இரத்தசோகை, காது கேட்கும் திறன், மனச்சோர்வு ஆகியவற்றை முதலில் பாருங்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது இரத்தசோகையைச் சரிசெய்து, நரம்பு கெடுவதை மறைத்துவிடும்.

இந்த வாரமே அம்மாவை அழைத்துப் போங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அசிடிட்டிக்குத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்வதும் அதில் இருக்கட்டும். மருத்துவர் கேட்கும்போது அவர் யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டாலும் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.