சூரியன் இருளும் என்று தீர்க்கதரிசிகள் யாருக்குச் சொன்னார்கள்? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

யோவேல், ஆமோஸ், ஏசாயா, வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய நூல்களில் வானம் இருள்வதைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். திருவிவிலியம் வாசிப்பவர்களுக்கு எசாயா, திருவெளிப்பாடு என்று பெயர்கள் சற்று மாறும்; விஷயம் ஒன்றுதான்.

2025 செப்டம்பர் 7ஆம் திகதி இரவு சந்திரன் இரத்தமாகச் சிவந்தது. யோவேல் 2:31 நிறைவேறிவிட்டதா? (திருக்கோவில்)

இல்லை. அது முழுச் சந்திர கிரகணம். நம் நேரப்படி இரவு 11 மணியளவில் சந்திரன் முழுவதும் பூமியின் நிழலுக்குள் போய், 82 நிமிடம் அதற்குள்ளேயே இருந்தது. பூமியைச் சுற்றியுள்ள காற்று நீல ஒளியைச் சிதறடித்துவிடும். சிவப்பு ஒளி மட்டும் வளைந்து நிழலுக்குள் போய்ச் சந்திரனில் படும். அந்தச் செம்பு நிறத்துக்குக் காரணம் அதுதான்.

2014, 2015இல் வந்த நான்கு சிவப்புச் சந்திரன்களும் பஸ்காவிலும் கூடாரப் பண்டிகையிலும் விழுந்ததே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்த இரண்டு யூதப் பண்டிகைகளும் சந்திர மாதத்தின் நடுவில், பௌர்ணமியை ஒட்டியே வருபவை. சந்திர கிரகணமும் பௌர்ணமியில் தவிர வேறு நாளில் வராது. ஆகவே இரண்டும் அடிக்கடி ஒன்றாக விழுவதில் அதிசயம் இல்லை.

யோவேல் 2:31ஐ வாசிக்கும்போது 30ஆம் வசனத்தை விட்டுவிடாதீர்கள். இரத்தம், அக்கினி, புகைஸ்தம்பங்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் சூரியனுக்கும் சந்திரனுக்கும் வருகிறார். பட்டணம் பற்றியெரிந்து, புகை வானத்தை மூடி, அதனூடே சந்திரன் சிவந்து தெரிகிற போர்க்காட்சி அது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு இந்தப் பகுதியை முழுவதுமாகச் சொல்லி, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிறவன் இரட்சிக்கப்படுவான் என்பதில் கொண்டுபோய் நிறுத்துகிறார் (அப்போஸ்தலர் 2:16-21). சந்திரனின் நிறத்தைப் பார்த்து நாள் குறிக்கச் சொல்லவில்லை. வானத்து அடையாளங்களைக் கண்டு கலங்காதிருங்கள் என்று எரேமியா 10:2 நேரடியாகவே சொல்கிறது.

ஏசாயா 13:10 பாபிலோனைப் பற்றியதா, உலக முடிவைப் பற்றியதா? (களுவாஞ்சிக்குடி)

நட்சத்திரங்கள் ஒளிகொடாது, சூரியன் இருளும் என்கிற அந்த வசனம் முதலில் பாபிலோனைப் பற்றியது. இப்படிப்பட்ட பகுதி எதை எடுத்தாலும், வானத்தைப் பற்றிய வசனத்தில் ஆரம்பிக்காமல் பின்னோக்கிப் போய் அந்தச் சொல் யாருக்கு வந்தது என்று பாருங்கள். ஏசாயா 13இன் முதல் வசனத்திலேயே பாபிலோன் என்று தலைப்பு இருக்கிறது. 17ஆம் வசனத்தில் மேதியர் வருகிறார்கள். பாபிலோன் கி.மு. 539இல், மேதியரையும் சேர்த்து ஆண்ட பாரசீக ராஜா கோரேசிடம் வீழ்ந்தது. அன்று நட்சத்திரங்கள் அணைந்துபோகவில்லை. அணைந்தது ஒரு பேரரசு.

எசேக்கியேல் 32:7-8இலும் அப்படியே. அங்கே இருள்வது பார்வோனுடைய வானம். முதல் வசனம் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தருகிறது: பன்னிரண்டாம் வருஷம், பன்னிரண்டாம் மாதம், முதலாந்தேதி. ஏசாயா 34:4இல் வானம் சுருளாகச் சுருட்டப்படுகிறது. அடுத்த வசனத்தில் பட்டயம் ஏதோமின்மேல் இறங்குகிறது.

இவற்றில் எகிப்தும் பாபிலோனும் வானத்துச் சுடர்களையே தெய்வமாக வைத்திருந்தன. எகிப்தில் சூரியன் ரே என்ற தேவன். பாபிலோனில் சூரியனுக்கு ஷமாஷ், சந்திரனுக்கு சின். அங்கே கடைசியாக ஆண்ட நபோனிடஸ் சந்திர தேவனிடம் தனிப் பக்தி கொண்டவன். உங்கள் சூரியன் இருளும் என்று அவர்களிடம் சொன்னால், அரசும் அதைக் காப்பதாக நம்பிய தெய்வமும் சேர்ந்தே விழும் என்று பொருள். வெளிப்படுத்தின விசேஷம் 16:10இல் ஐந்தாம் கலசம் மிருகத்தின் சிங்காசனத்தின்மேல் ஊற்றப்பட்டு அதன் ராஜ்யம் இருளடைவதும் இதே வழியில் வருவதுதான்.

மத்தேயு 24:29இல் இயேசு இந்த வசனங்களையே எடுத்துப் பேசுகிறார். அது கி.பி. 70இல் எருசலேம் அழிந்ததைக் குறிக்கிறதா, அவருடைய வருகையையா என்பதில் திருச்சபைகளுக்குள் இரண்டு கருத்தும் உண்டு. 24:2, 24:34 இரண்டும் எருசலேமின் பக்கம் இழுக்கின்றன. 24:30-31 அதற்கு அப்பாலும் போகின்றன. இரண்டையும் பிடித்துக்கொண்டு வாசிப்பதே நல்லது. நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்கிற 24:36ஐ எந்தப் பக்கத்தாரும் தாண்ட முடியாது.

ஆமோஸ் 8:9இல் மத்தியானத்தில் சூரியன் அஸ்தமிப்பது கிரகணம்தானா? (சம்மாந்துறை)

கி.மு. 763 ஜூன் 15இல் ஒரு சூரிய கிரகணம் நடந்ததை அசீரியரின் ஆண்டுப் பட்டியல் பதிந்திருக்கிறது. ஆமோஸ் பேசிய இரண்டாம் யெரொபெயாமின் காலத்துக்குள் அது வருகிறது. அதைக் கண்டவர்கள், கேள்விப்பட்டவர்கள் அவருடைய கூட்டத்தில் இருந்திருக்கலாம். ஆனால் கிரகணத்தோடு நின்றுவிட்டால் ஆமோஸ் சொல்லவந்தது கைநழுவிப்போகும்.

8:4இலிருந்து வாசியுங்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், தானியப் பண்டசாலையை எப்போது திறக்கலாம் என்று காத்திருக்கிற வியாபாரிகள் வருகிறார்கள். மரக்காலைக் குறைக்கிறார்கள், சேக்கல் நிறையைக் கூட்டுகிறார்கள், கள்ளத்தராசு வைக்கிறார்கள், தானியத்தின் பதரையும் விற்கிறார்கள், ஒரு சோடி பாதரட்சைக்கு ஏழையை வாங்குகிறார்கள். கொடுக்கும் அளவு சிறியது, வாங்கும் பணத்துக்கான படிக்கல் பெரியது. ஏழைக்கு இரண்டு பக்கமும் வெட்டு. இந்தக் கணக்குக்குப் பிறகுதான் 9ஆம் வசனத்தில் வானம் இருள்கிறது.

மரக்காலும் அவணமும் தெரிந்த நம் வயல்பிரதேசத்துக்கு இதை விளக்கிச் சொல்ல அதிகம் தேவையில்லை. பெரும்போக அறுவடை முடிந்து, கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஈரநெல்லை விற்கிறவரிடம், ஈரப்பதனைக் கருவியால் அளக்காமலே மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று எடுப்பவர்கள் உண்டு. நெல் சந்தைப்படுத்தும் சபை வைத்திருக்கும் அளவு 14 வீதம். அதைக் கருவியில் காட்டிக் கழிப்பது நியாயமான வியாபாரம். காட்டாமல் கழிப்பதைத்தான் ஆமோஸ் பேசுகிறார். ஆமோஸ் 8ஐப் பிரசங்கிக்கிறவர் கிரகணத்துக்கு ஐந்து நிமிடமும் தராசுக்கு இருபது நிமிடமும் கொடுக்கவேண்டும். பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. சபை நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்டுவிட்டுத் தராசைப் பற்றிக் கேட்காமலே வீட்டுக்குப் போகிறது. அது வருத்தமான விஷயம்.

5:18-20ஐயும் சேர்த்து வாசியுங்கள். கர்த்தருடைய நாள் வந்தால் தங்களுக்கு வெளிச்சம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் இஸ்ரவேலர்களே. அது வெளிச்சமல்ல, இருள் என்று அவர்களிடமே சொல்கிறார் ஆமோஸ்.

யோவேல் 2:10இல் வானம் இருள்வது வெட்டுக்கிளியாலா, படையாலா? (அக்கரைப்பற்று)

முதல் அதிகாரத்தில் வெட்டுக்கிளி. இரண்டாவதில் அதுவே படையாக விவரிக்கப்படுகிறது. பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டத்தில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 4 கோடி முதல் 8 கோடி வரை இருக்கும். ஒவ்வொன்றும் நாளுக்குத் தன் எடையளவு, ஏறக்குறைய 2 கிராம், தின்னும். கூட்டம் பகலில் காற்றோடு பறக்கிறது, மாலையில் இறங்குகிறது. ஆகவே பகல் வெளிச்சத்தையே அது மறைக்கும். 1915இல் எருசலேமும் பலஸ்தீனும் இதை நேரில் கண்டன.

2018 பெரும்போகத்தில் சேனா படைப்புழு சோளத்தைத் தின்றதைப் பார்த்த அம்பாறை விவசாயிகளுக்கு யோவேலின் முதல் அதிகாரம் புரியும். ஆனால் யோவேல் வயலை இழந்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. பயிர்செய்கிறவர்களை அழச் சொல்கிறார் (1:11), ஆசாரியர்களை இரட்டு உடுத்தச் சொல்கிறார் (1:13). வெட்டுக்கிளி தின்ற வருஷங்களின் விளைவைத் திரும்பத் தருவேன் என்ற வாக்கும் இதே நூலில்தான் இருக்கிறது (2:25).

பெரிய வெள்ளி இருள் சூரிய கிரகணமா? மும்மணி நேர ஆராதனையில் அதை எங்கே வாசிப்பது? (புளியந்தீவு)

கிரகணமாக இருக்க முடியாது. சூரிய கிரகணம் அமாவாசையில் வரும். பஸ்கா பௌர்ணமியில் வரும். போயா நாளில் சூரிய கிரகணம் எப்படி வரும் என்று யோசித்தால் போதும். அதோடு முழுச் சூரிய கிரகணத்தின் இருட்டு ஓர் இடத்தில் ஏழரை நிமிடத்துக்கு மேல் நிற்காது. 1955 ஜூன் 20இல் இலங்கையிலும் தெரிந்த முழுக் கிரகணம் அந்த நூற்றாண்டிலேயே மிக நீளமானது. அதன் உச்சமே 7 நிமிடம் 8 விநாடி. சுவிசேஷங்கள் சொல்வது மூன்று மணி நேரம்.

மாற்கு நேரத்தைக் கவனமாகக் குறிக்கிறார். சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி (15:25), காலை ஒன்பது. இருள் ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை (15:33), நண்பகல் முதல் பிற்பகல் மூன்று வரை. முதல் மூன்று மணி நேரம் வெளிச்சத்தில்தான் போயிற்று. 'என் தேவனே, என் தேவனே' என்ற கூப்பிடுதல் இருளின் முடிவில் வருகிறது (15:34). ஆராதனை நடத்துகிறவர்கள் சிலுவையின் ஏழு வார்த்தைகளில் நான்காவதான இந்தக் கூப்பிடுதலுக்கு முன் ஆமோஸ் 8:9-10ஐ வாசிக்கலாம். மத்தியானத்து இருளைச் சொன்ன கையோடு, ஒரே புத்திரனுக்காகத் துக்கிக்கிற துக்கத்தை 10ஆம் வசனம் சொல்கிறது. மற்றவர்களின் குற்றத்துக்கென்று தீர்க்கதரிசிகள் அறிவித்த இருளுக்குள் இங்கே குமாரன் தாமே நிற்கிறார். இந்த வாசிப்பைப் பாட்டால் மூடிவிடாதீர்கள். வாசித்தபின் இரண்டு நிமிடமாவது அமைதி விடுங்கள்.

மூன்று நாள் இருள் வரும், மந்திரித்த மெழுகுதிரி மட்டுமே எரியும் என்று வட்ஸ்அப்பில் வருகிறது. வாங்கி வைக்கவா? (சொறிக்கல்முனை)

வேதத்தில் மூன்று நாள் இருள் வருவது யாத்திராகமம் 10:22இல், எகிப்தில். அது நடந்து முடிந்தது. இப்போது சுற்றிவருவது தனிப்பட்ட வெளிப்பாடுகளின் பெயரில் பரவிய கதை. தனி வெளிப்பாடுகள் விசுவாசக் களஞ்சியத்தைச் சேர்ந்தவை அல்ல என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 67ஆம் எண்ணில் தெளிவாகவே சொல்கிறது. திரி விற்பவருக்கும் செய்தி அனுப்பியவருக்கும் மறுமொழி சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

1978 சூறாவளி, 2004 சுனாமி, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு: எல்லாம் தேவ நியாயத்தீர்ப்பு என்று ஒரு கூட்டத்தில் பிரசங்கித்தார்கள். சரியா? (கல்லடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் பலர்)

சரியல்ல. இயேசுவே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார், லூக்கா 13:1-5இல். இரண்டு சம்பவங்கள் அங்கே வருகின்றன. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றான்; அவர்கள் இரத்தம் அவர்கள் பலியோடு கலந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். ஒன்று வழிபாட்டு நேரத்தில் மனிதன் செய்த கொலை, மற்றது யாரும் நினையாத விபத்து. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் அப்படியல்ல என்கிறார். பிறகு உயிரோடிருந்து கேட்டவர்களின் பக்கம் திரும்பி மனந்திரும்பச் சொல்கிறார். மட்டக்களப்பில் அந்த ஞாயிறன்று ஆலயத்தில் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு முன்னால் இந்தப் பகுதியைத் திறக்காமல் வேறெதையும் திறக்கவேண்டாம்.

தீர்க்கதரிசியின் சொல்லையும் பயமுறுத்தும் சொல்லையும் பிரித்தறிய வழி இருக்கிறது. தீர்க்கதரிசி நடப்பதற்கு முன்னே சொல்வார். நடந்து முடிந்தபின் பிரேதங்களைக் காட்டிக் காரணம் சொல்லமாட்டார். இன்னாருக்கு, இன்ன அநியாயத்துக்கு என்று சொல்வார். திரும்புவதற்கு வழியும் விடுவார். அவர் சொல் பெரும்பாலும் பலமுள்ளவனை நோக்கியே போகும்: ராஜா, வியாபாரி, ஆசாரியன், கூலிக்குத் தீர்க்கதரிசனம் சொல்கிறவன். சொல்லும்போது அவருக்கே தாங்காது. ஆமோஸ், யாக்கோபு சிறுத்துப்போனான் என்று இரண்டு முறை மன்றாடுகிறார் (7:2, 5). எரேமியா இரவும் பகலும் அழக் கண்ணீர் ஊற்றுக் கேட்கிறார் (9:1). விடிகாலையில் வலை இழுக்கப்போன கடற்றொழிலாளியையும் ஞாயிறு பாடத்துக்குப் போன பிள்ளையையும் குற்றவாளியாக்கும் பிரசங்கம் இவற்றில் எதிலும் அடங்காது. அப்படி ஒரு கூட்டத்தில் இருக்க நேர்ந்தால், முடிந்தபின் போதகரிடம் தனியே போய் லூக்கா 13ஐக் காட்டிக் கேளுங்கள்.

இருள் என்றாலே தேவகோபமா? (ஆயித்தியமலை)

இல்லை. மோசே தேவன் இருந்த கார்இருளுக்குச் சமீபமாய்ச் சேர்ந்தான் (யாத்திராகமம் 20:21). காரிருளிலே வாசம்பண்ணுவேன் என்று கர்த்தர் சொன்னதாகச் சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டையில் சொல்கிறார் (1 இராஜாக்கள் 8:12). சங்கீதம் 18:11இல் இருள் அவருக்கு மறைவிடம். அந்தச் சங்கீதத்தில் அவர் இறங்கிவருவது ஒருவனைக் காப்பாற்றுவதற்கு.

ஓய்வுநாள் பாடசாலையில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது? (வாழைச்சேனை)

நாற்பது நிமிட வகுப்பென்றால் மூன்று பகுதி போதும். யாத்திராகமம் 10:21-23இல் தொடங்குங்கள். இஸ்ரவேலரின் வாசஸ்தலங்களில் வெளிச்சம் இருந்தது என்ற கடைசி வரியைப் பிள்ளைகளே வாசிக்கட்டும். பிறகு ஆமோஸ் 8:5. ஒரு தராசையும், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தும் நிறை வேறான இரண்டு படிக்கற்களையும் கொண்டுபோய், ஒரே அரிசியை இரண்டாலும் நிறுத்துக் காட்டுங்கள். ஏன் கடவுளுக்குக் கோபம் வந்தது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். மூன்றாவது, பெரிய வெள்ளி இருள்.

வகுப்பு கெடுவது பெரும்பாலும் இரண்டு விதத்தில்: விளக்குகளை அணைத்துவிட்டுக் கதை சொல்வது, உலக முடிவு வீடியோ போடுவது. வெள்ளத்தில் வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்கு இருட்டு ஏற்கனவே தெரியும். வெளிப்படுத்தின விசேஷத்தின் எக்காளங்களை மேல்வகுப்புக்கு விட்டுவிடுங்கள். யாராவது பயந்து கேட்டால், பாடத்தை நிறுத்திவிட்டு அந்தக் கேள்விக்கே பதில் சொல்லுங்கள். அன்று மாலை அந்தப் பிள்ளையின் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.