ஏற்றுமதியும் பள்ளிக்கூடமும்: மும்பைத் தமிழர் கேள்விகளுக்குப் பதில்

ஏற்றுமதி ஆவணங்கள், சுங்க நடைமுறை, வர்த்தகத்துக்கும் வளர்ச்சிக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பு ஆகியவை பற்றிக் கேளுங்கள். வருமான வரிக்கும் விசாவுக்கும் இங்கே பதில் கிடைக்காது.

தாராவியிலிருந்து: அண்ணாச்சி, தோல் பர்ஸ் தைத்து மொத்தக் கடைகளுக்குப் போடுறோம். ஜெர்மனியில் ஒருத்தர் 500 பர்ஸ் கேட்கிறார். எதிலிருந்து ஆரம்பிக்க?

பதில்: எச்.எஸ். கோடிலிருந்து, அதாவது சுங்கம் ஒவ்வொரு சரக்கையும் வகைப்படுத்தும் எண்ணிலிருந்து. விலை பேசுவதற்கு முன்பே அதைப் பாருங்கள். நம் நாட்டில் அது 8 இலக்கம். முதல் 6 உலகம் முழுக்க ஒன்றுதான், கடைசி 2 நாம் சேர்த்தது. பர்ஸின் வெளிப்புறம் தோலாக இருந்தால் 4202 31. வெளியே ரெக்சின், உள்ளே தோல் என்றால் 4202 32. வெளிப்பரப்பு எதுவோ அதுதான் கணக்கு. கோடு தப்பினால் அங்கே அவர் கட்டும் வரி மாறும், இங்கே உங்களுக்கு வரும் டிராபேக் (திரும்பக் கிடைக்கும் வரி) மாறும், சரக்கும் நிற்கும்.

அடுத்தது ஐ.இ.சி., ஏற்றுமதி இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண். மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டி.ஜி.எஃப்.டி. தளத்தில் நீங்களே எடுக்கலாம், கட்டணம் 500 ரூபாய். உங்கள் பான் எண்தான் ஐ.இ.சி. எண். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தைச் சரிபார்த்து உறுதி செய்யாவிட்டால் முடங்கிவிடும். பிறகு வங்கியிடம் அதன் அடையாள எண்ணான ஏ.டி. கோடு வாங்கி, சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதியுங்கள். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது.

இதெல்லாம் காகிதம். உங்களுக்கு உண்மையான ஆபத்து தோலில் இருக்கிறது. உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம்-6 என்ற நச்சு வகை கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்று 2015 மே முதல் ஐரோப்பாவில் விதி. பதனிடும்போது போடுவது குரோமியம்-3 தான். அமிலத்தை அளவுக்கு மீறி முறித்திருந்தாலும், சீக்கிரம் காற்றேறும் மீனெண்ணெய் வகை எண்ணெய் ஊட்டியிருந்தாலும், வெக்கையான கிடங்கில் கிடந்தாலும் அது 6 ஆக மாறும். வாங்கும் நாளில் தேறிய தோல், மாதக் கணக்கில் கிடந்தபின் தோற்பது இதனால்தான். தோல் மண்டியில் "இது எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்று வாயால் சொன்னதை நம்பாதீர்கள். தாவரச் சாறு ஏற்றி மறுபதனம் செய்த தோலாகக் கேளுங்கள், அது இந்த மாற்றத்தைத் தடுக்கும். லாட் ஒவ்வொன்றுக்கும் ஐ.எஸ்.ஓ. 17075 முறைப்படி சோதனை அறிக்கை வேண்டும். வெட்டுவதற்கு முன்பே சோதியுங்கள், தைத்தபின் தோற்றால் கூலியும் போச்சு.

அசோ வகைச் சாயம் சிதைந்தால் வரும், தடைசெய்த அமீன் வேதிப்பொருள்களுக்கு வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். பெட்டிக்குள் போடும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தில் டைமெத்தில் ஃப்யூமரேட் என்ற பூஞ்சைக்கொல்லி இருக்கவே கூடாது. பெயர் தெரியாத மலிவுப் பொட்டலத்தைப் போட்டுவிடாதீர்கள்.

மாதுங்காவிலிருந்து: ஐ.இ.சி. எடுக்க ஏஜெண்ட் 15,000 கேட்கிறார். நியாயமா?

பதில்: கட்டணம் 500. மிச்சம் அவர் கூலி. உங்களால் முடிகிற வேலை.

செம்பூர் மாணவி: பி.காம். கடைசி வருஷம். ஏற்றுமதித் துறையில் வேலைக்கு எம்.பி.ஏ. வேணுமா?

பதில்: கொள்முதல், சந்தைப்படுத்தல் பக்கம் போவதானால் உதவும். 1963-ல் தொடங்கிய டெல்லி ஐ.ஐ.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகக் கல்வி நிறுவனம்) போன்ற இடம் கிடைத்தால் விடாதீர்கள். "100 சதவீத வேலை" என்று சான்றிதழ் விற்கும் பத்து நாள் வகுப்புகளுக்குக் காசு கட்டாதீர்கள். ஆவணப் பக்கம் போக ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் சேருங்கள். தேர்வு எழுதித் தரகரின் ஊழியருக்கான ஜி கார்டு வாங்கலாம், மேலே தரகராக ஆவதற்கான எஃப் கார்டு தேர்வும் உண்டு. சேருவதற்கு முன் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுப்பது), பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) நான்கையும் பக்கத்தில் வைத்து எடை, எண்ணிக்கை, பெயர் எழுத்துகளை ஒப்பிட்டுப் பழகுங்கள். அந்தக் கண்ணுக்குத்தான் அங்கே சம்பளம்.

அந்தேரியிலிருந்து: எல்.சி.யில் (இறக்குமதியாளரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) 1000 பீஸ். 970 அனுப்பினோம். ஆவணம் எல்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்று பேங்க் டிஸ்கிரிபன்சி போட்டுவிட்டது. 5 சதவீதம் கூடலாம் குறையலாம் என்றார்களே?

பதில்: எல்.சி.க்கான உலக விதித்தொகுப்பான யு.சி.பி. 600-ன் 30-வது பிரிவை முழுசாகப் படியுங்கள். எடை, நீளம் போன்ற அளவில் சொன்ன சரக்குக்குத்தான் அந்த 5 சதவீதம். பீஸ் கணக்கிலோ பெட்டிக் கணக்கிலோ சொன்னால் கிடையாது. எண்ணிக்கைக்கு முன்னால் "சுமார்" என்ற பொருளில் சொல் இருந்திருந்தால் 10 சதவீதம் கிடைத்திருக்கும். இப்போது இறக்குமதியாளர் விலக்குக் கொடுத்தால்தான் பணம். உடனே பேசுங்கள். அடுத்த முறை கப்பலில் ஏற்றும் முன் எல்.சி.யைத் திருத்தச் சொல்லுங்கள். ஏற்றிய 21 நாளுக்குள் ஆவணம் வங்கிக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சயானிலிருந்து ஓர் ஆசிரியை: எட்டாவது முடித்ததும் பையன்கள் பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். ஏற்றுமதி ஆர்டர் வந்தால் இன்னும் அதிகம். ஏற்றுமதி வளர்ந்தால் கல்வி வளரும் என்கிறார்கள், எனக்கு எதிர்மாறாகத் தெரிகிறதே ஐயா?

பதில்: நீங்கள் பார்ப்பது சரி, டீச்சர். எந்த வகை ஏற்றுமதி என்பதைப் பொறுத்து அது பிள்ளையைப் பள்ளிக்கும் தள்ளும், பள்ளியிலிருந்தும் இழுக்கும்.

மெக்சிகோவில் 1986 முதல் 2000 வரை ஏற்றுமதி ஆலைகள் பெருகிய காலத்தைப் பொருளியலாளர் டேவிட் அட்கின் ஆராய்ந்தார். புதிதாக வந்த ஒவ்வொரு 25 வேலைக்கும் ஒரு பிள்ளை, 12-வது வரை படிக்காமல் 9-வதோடு நின்றது. காரணம் எளிது. ஆலைக்கு 9-வது போதும், மேலே படித்தவருக்குக் கூலி பெரிதாகக் கூடவில்லை. வங்கதேசத்தில் வேறு மாதிரி. ஆயத்த ஆடை ஆலைகள் எட்டும் தூரத்தில் உள்ள கிராமங்களில் பெண் பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள், கல்யாணமும் தள்ளிப்போனது. எழுத்தும் கணக்கும் தெரிந்தவளுக்கு அங்கே கூடுதல் மதிப்பு. டெல்லியைச் சுற்றிய கிராமங்களில் ராபர்ட் ஜென்சன் செய்த சோதனையில், கால் சென்டர் போன்ற பி.பி.ஓ. வேலைக்கு ஆளெடுப்பவர்களை மூன்று ஆண்டு ஊருக்கு அனுப்பினார்கள். வேலைக்குப் போகும் வயதே வராத சிறுமிகள்கூடப் பள்ளியில் அதிகம் சேர்ந்தார்கள். படித்தால் என்ன கிடைக்கும் என்பது வீட்டுக்குத் தெரிந்ததுதான் காரணம்.

உங்கள் பள்ளியில் எட்டாவதோடு ஏன் நிற்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். 14 தாண்டினால் ஆபத்தில்லாத வேலைக்குச் சட்டமும் தடை சொல்வதில்லை. இரண்டும் ஒரே வயதில் வந்து சேருகின்றன.

வாஷியிலிருந்து: அண்ணாச்சி, ஒத்துக்கொள்ள மாட்டேன். கொரியா விக்கும் பிளைவுட்டும் அனுப்பித்தான் காசு சேர்த்தது. அந்தக் காசில்தான் பள்ளி, கல்லூரி எல்லாம். முதலில் ஏற்றுமதி.

பதில்: ஆண்டுகளைப் பாருங்கள். தென்கொரியாவின் ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டது 1964-ல். கட்டாயத் தொடக்கக் கல்வித் திட்டம் நடந்தது 1954 முதல் 1959 வரை. அது முடியும்போது தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளியில் இருந்தார்கள். விக் பின்னிய பெண்கள் படிக்கத் தெரிந்தவர்கள். மாதிரித் தாளைப் பார்த்து வேலை செய்யவும், அடுத்த ஆலைக்கு மாறும்போது புது இயந்திரம் கற்கவும் முடிந்தது. 1977-ல் ஏற்றுமதி 1000 கோடி டாலர். விக் பின்னியே அங்கே போய்ச் சேர முடியாது.

வாஷி: அப்போ இலங்கை? 1945-லிருந்து இலவசக் கல்வி. கொரியாவாக ஆகலையே?

பதில்: நல்ல கேள்வி. உங்கள் பக்கம் இருக்கும் வலுவான சான்று அதுதான். படித்தவர்கள் இருந்தார்கள், 1977 வரை பொருளாதாரம் மூடியே இருந்தது. வேலையில்லாத படித்த இளைஞர்களின் கோபம் 1971 கிளர்ச்சியில் தெரிந்தது. பள்ளி மட்டும் போதாது என்பதை ஏற்கிறேன். ஏற்றுமதி வந்தால் பள்ளி தானாக வரும் என்பதை ஏற்கமாட்டேன், மெக்சிகோ அதற்குச் சான்று. அயர்லாந்து இரண்டையும் சேர்த்தே செய்தது. ஏற்றுமதி லாபத்துக்கு 1956-ல் வரிச் சலுகை, 1967-ல் இலவச மேல்நிலைக் கல்வி, கொஞ்ச நாளில் வட்டாரத் தொழில்நுட்பக் கல்லூரிகள்.

முலுண்டிலிருந்து: ஐ.இ.சி. வாங்க யாரைப் பிடிக்கணும்?

பதில்: யாரையும் இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

வாஷி: இங்கே அந்தேரியின் சீப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் 1973-லிருந்து ஏற்றுமதி நடக்கிறது. அங்கே என்ன பள்ளி திறந்தார்கள்?

பதில்: சீப்ஸ் எலக்ட்ரானிக்ஸுக்காகத் தொடங்கியது, அப்புறம் நகைத் தொழிலும் வந்தது. படித்த ஆள் இந்த ஊரில் ஏற்கெனவே இருந்தார்கள், ஆலைகள் அவர்களைத் தேடி வந்தன. உங்கள் கேள்வியே என் வாதத்துக்குப் பலம். தாராவிக்கும் அதே கணக்குத்தான். குரோமியம்-6 அறிக்கையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பட்டறையில் இல்லாவிட்டால், பர்ஸ் உள்ளூர் மொத்தக் கடையைத் தாண்டாது.

நெருலிலிருந்து: ஏற்றுமதி வருமானத்துக்கு வருமான வரி உண்டா?

பதில்: ஆடிட்டரைக் கேளுங்கள். எச்.எஸ். கோடு பார்த்துவிட்டீர்களா?

சயான் ஆசிரியை: ஏற்கெனவே நின்றுவிட்ட பையன்களுக்கு என்ன செய்ய?

பதில்: இரண்டு வழி. மகாராஷ்டிர வாரியத்தின் 17 நம்பர் ஃபார்ம் போட்டுத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். பள்ளியை விட்ட சான்றிதழ் வேண்டும். கெடு தேர்வுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும், அதனால் இப்போதே சான்றிதழை வாங்கி வையுங்கள். இன்னொன்று என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளி. 14 வயது ஆனால் போதும், தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். ஐந்து ஆண்டுக்குள் பாடம் பாடமாகத் தேறலாம் என்பதால் பட்டறைப் பையனுக்கு இதுதான் தோது.

பட்டறை முதலாளியிடம் வாரம் மூன்று மாலை கேளுங்கள். வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு வரும்போது ஒவ்வொரு ஆளுக்கும் வயதுச் சான்று கேட்பார்கள், அதைச் சொன்னால் காது கொடுப்பார். அந்த மாலைகளில் பாடப் புத்தகத்தோடு ஒரு பேக்கிங் லிஸ்டையும் கொண்டுபோங்கள். பெட்டி எண், பீஸ், நிகர எடை, மொத்த எடை ஆகியவற்றைக் கூட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பத்தாவது கணக்கில் வரும் சதவீதத்தை, 500 பர்ஸில் 12 தரமில்லை என்று கழிந்தால் எத்தனை சதவீதம் என்று தொடங்குங்கள்.