தெருக்காரர்களைக் கூட்டி ஒரு விருந்து வைத்தால் பாதுகாப்பு கூடுமா? எப்படி நடத்துவது?

கூடும். சோற்றால் அல்ல, முகம் தெரிவதால். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் வயலை மனை போட்டு எழுந்த நகர்களில் எதிர்வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறாரா என்றே தெரியாது. பூட்டிய வீட்டு வாசலில் யாராவது நின்றால் "சொந்தக்காரராக இருக்கும்" என்று நடையைக் கட்டிவிடுவோம்.

டெல்டாவில் இதற்குத் தனியாக நாள் பார்க்க வேண்டாம். ஆடிப்பெருக்கு இருக்கிறது, ஆகஸ்ட் 2 அல்லது 3. ஆற்றங்கரைக்குப் போய்வந்த கையோடு மாலையில் தெருவிலேயே கூடலாம். ஒரு வீடு புளியோதரை, ஒரு வீடு தேங்காய்ச் சாதம், ஒரு வீடு தயிர்ச் சாதம். (பேசிக்கொள்ளாவிட்டால் எல்லா வீட்டிலிருந்தும் எலுமிச்சைச் சாதம்தான் வரும்.) வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், படியேறிப் போய் அழையுங்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

தெருவை மறிப்பதென்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கூடாது. என்னைக் கேட்டால் அது வேண்டவே வேண்டாம், பேச்சு எடுபடாது.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு நோட்டை எடுங்கள். வீட்டு எண், கைபேசி எண், தனியாக இருக்கும் பெரியவர்கள், யார் வீட்டில் ஏணி, யாரிடம் ஜெனரேட்டர் என்று எழுதுங்கள். காகிதத்திலேயே இருக்கட்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரைகடந்த பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, கைபேசியும் செத்துக் கிடந்தது.