டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கரூரில் போர்வை, மேஜை விரிப்பு விற்கும் வாசகர் கேட்கிறார்: “மூன்று வருடம் முன்பு வெப்சைட் செய்து கொடுத்தவர் இப்போது ரினியூவலுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார். கட்டாவிட்டால் நாளைக்கே டாட் காம் பெயர் போய்விடும் என்கிறார். வேறு ஆளிடம் மாற்ற முடியுமா?”

மாற்றலாம். முதலில் பில்லைப் பிரித்துக் கேளுங்கள். டாட் காம் பெயருக்கு, அதாவது டொமைனுக்கு, வருடத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆகும், சைட்டை வைக்கும் இடத்துக்கான வாடகை (ஹோஸ்டிங்) தனி. மீதியில் ‘எஸ்.இ.ஓ., கூகுளில் முதல் பக்கம்’ என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. இந்த ஒரு வரியை வைத்தே ஊர் ஊராக வசூல் நடக்கிறது.

அப்புறம், டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் லுக்கப் பக்கத்தில் உங்கள் டொமைனைத் தட்டிப் பாருங்கள். பெயரைப் பதிவு செய்து தரும் எந்த நிறுவனத்திடம் (ரெஜிஸ்ட்ரார்) இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று வரும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்துத்தான் இருக்கும். ரெஜிஸ்ட்ராருக்கே எழுதிக் கேளுங்கள். மனை வாங்கினால் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், இதற்கு மட்டும் டிசைனர் சொல்வதே பத்திரம்!

உங்கள் பெயரில் இருந்தால் கவலை இல்லை. வேறு இடத்துக்கு மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை (ஆத் கோட்) ரெஜிஸ்ட்ராரிடம் கேளுங்கள். 5 நாளுக்குள் தர வேண்டும் என்பது விதி.

தேதி தாண்டிவிட்டால்? பெயர் நாளைக்கே போகாது. சைட்டும் மெயிலும் நிற்கலாம், அது வேறு. பல ரெஜிஸ்ட்ரார்கள் சில வாரம் பழைய விலைக்கே புதுப்பிக்க விடுவார்கள். அதிகபட்சம் 45 நாள். ஆனால் அத்தனை நாளும் தந்தே ஆக வேண்டும் என்றில்லை, சிலர் முன்பே மூடிவிடுவார்கள். பிறகு 30 நாள் மீட்புக் காலம். அதில் எடுத்தால் அபராதம் பல ஆயிரம். அதற்கும் பின் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அதனால் 45 என்று எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள்.

டொமைன் டிசைனர் பெயரில் இருந்தால் பேரம்தான். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் புகார் தரலாம்; ஒரே நடுவர் என்றாலும் கட்டணம் 1,500 டாலர். 18,000 ரூபாய்த் தகராறுக்கு இதுவா வழி? பெயரை உங்கள் கணக்குக்கு மாற்றினால் இவ்வளவு என்று வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்கிக்கொண்டு, மாறிய பிறகு பணம் கொடுங்கள்.

புதுக் கணக்கைக் கடைக் கணக்குப்பிள்ளையின் ஜிமெயிலில் திறக்காதீர்கள். அவர் வேலையை விட்டால் மறுபடி எனக்கு எழுத வேண்டி வரும்.